பைதன் பட்டியல்களில் எண்ணிக்கை தவறும் இடங்கள்: புதிதாகக் கற்போருக்கு ஒரு வழிகாட்டி

பைதனில் எழுதிய முதல் சில செய்நிரல்கள் ஓடத் தொடங்கியதும், புதியவர்கள் பலர் ஒரே வகையான சிக்கலுக்குள் அகப்படுகிறார்கள். செய்நிரல் தடையின்றி ஓடி முடிகிறது. ஆனால் விடை ஒன்று கூடியோ ஒன்று குறைந்தோ வருகிறது. பிழைச் செய்தி வந்தால் அதை வாசித்துத் திருத்தலாம். எண்ணிக்கை தவறும்போதோ கணினி பெரும்பாலும் எதையும் சொல்வதில்லை என்பதால், தவறான எண்ணையே சரியென்று நம்பி அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். க.பொ.த. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைப் பாடமாக எடுத்துள்ள வன்னி மாணவர்களையும், கமக்காரர் அமைப்பு, கூட்டுறவுச் சங்கம் போன்ற இடங்களில் கொப்பியில் எழுதி வந்த கணக்குகளைக் கணினிக்கு மாற்ற விரும்புபவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

கீழே வரும் எல்லாப் படிகளிலும் ஒரு பழக்கத்தையே வலியுறுத்தப் போகிறேன். கணினியை எண்ணச் சொல்வதற்கு முன்னர், எதை எண்ணப் போகிறோம் என்பதைத் தமிழில் ஒரு வாக்கியமாக எழுதுங்கள். பிறகு, கையால் எண்ணக்கூடிய அளவுக்குச் சிறிய பட்டியல் ஒன்றை எடுத்து, வர வேண்டிய விடையைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். செய்நிரலை ஓட்டுவது அதற்குப் பிறகுதான்.

தொடங்குமுன்

கணினி இல்லாதவர்கள் ஆண்ட்ராய்ட் தொலைபேசியில் பைட்ராய்ட் 3 என்னும் செயலியை நிறுவிக்கொண்டு இங்குள்ள எல்லாவற்றையும் செய்து பார்க்கலாம். கட்டளைச் சொற்களை வாசிப்பதற்கு எளிதாக இருக்கும் என்பதற்காக லென், பிரிண்ட், ரேஞ்ச், ஃபோர், இன், இஃப் என்று தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். மாறிகளின் பெயர்களை மட்டும் அப்படியே தமிழில் வைத்துக்கொள்ளலாம். பைதன் 3 வெளிவந்த 2008 ஆம் ஆண்டிலிருந்து மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைப்பதற்கு அந்த மொழியில் எந்தத் தடையும் இல்லை.

முதற்படி: பட்டியலை எழுதி, கையால் எண்ணுதல்

ஏ9 வீதியில் வவுனியாவிலிருந்து வடக்கே போகும்போது வரும் சில ஊர்களை வரிசையாக ஒரு பட்டியலில் இடுவோம்.

தரிப்புகள் = ["வவுனியா", "ஓமந்தை", "புளியங்குளம்", "கனகராயன்குளம்", "மாங்குளம்", "முறிகண்டி", "கிளிநொச்சி", "பரந்தன்"]
பிரிண்ட்(லென்(தரிப்புகள்))

கையால் எண்ணினால் எட்டு. கணினியும் 8 என்றே காட்ட வேண்டும். இதில் தவறுவதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். கனகராயன்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் உள்ள காற்புள்ளியை மட்டும் நீக்கிவிட்டு மீண்டும் ஓட்டிப் பாருங்கள். பிழைச் செய்தி எதுவும் வராது. 7 என்று வரும். மேற்கோள் குறிக்குள் உள்ள இரண்டு சொற்கள் இடையில் குறி எதுவும் இல்லாமல் அடுத்தடுத்து நின்றால், பைதன் அவற்றை ஒன்றாக ஒட்டி ஒரே சொல்லாக எடுத்துக்கொள்ளும். நீண்ட வாக்கியங்களைப் பல வரிகளில் பிரித்து எழுதுவதற்கு வசதியாக மொழியில் வேண்டுமென்றே வைக்கப்பட்ட விதி அது. அதன் விளைவாக இங்கே "கனகராயன்குளம்மாங்குளம்" என்ற, உலகில் இல்லாத ஓர் ஊர் பட்டியலுக்குள் வந்து சேர்கிறது.

பெயர்ப் பட்டியல்களைத் தட்டும்போது நிகழும் தவறுகளுள் இதையே நான் மிகவும் கவலைக்குரியதாகக் கருதுகிறேன். எட்டு ஊர்களில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். முந்நூறு பயனாளிகளின் பெயர்ப் பட்டியலில் இரண்டு பெயர்கள் இப்படி ஒட்டிக்கொண்டால், ஒரு குடும்பம் கணக்கிலிருந்தே காணாமற் போய்விடும். இதைத் தவிர்க்க, நீண்ட பட்டியலை ஒரு வரிக்கு ஒரு பெயராக எழுதி, கடைசிப் பெயர் உட்பட எல்லா வரிகளின் முடிவிலும் காற்புள்ளி இடுங்கள். கடைசிப் பெயருக்குப் பின்னால் வரும் காற்புள்ளியைப் பைதன் ஏற்றுக்கொள்ளும். அதனால் எண்ணிக்கை கூடாது. நாளை யாராவது கீழே ஒரு பெயரைச் சேர்க்கும்போது மறந்துபோகக்கூடிய காற்புள்ளி, இன்றே அங்கே இருக்கும்.

வேறு மொழிகளைச் சிறிது பார்த்துவிட்டு வருபவர்கள் தரிப்புகள்.லென்() என்றோ தரிப்புகள்.லெங்த் என்றோ எழுதுவதுண்டு. அதற்கு அட்ரிபியூட் எரர் வரும். பைதனில் லென் என்பது வெளியே நின்று, அடைப்புக்குள் பொருளை வாங்கி, எண்ணைத் திருப்பித் தரும் ஒரு சார்பு. அதே காரணத்தால் லென் என்ற பெயரை உங்கள் மாறி ஒன்றுக்கு வைத்துவிடாதீர்கள்; லென் = 8 என்று ஒரு வரி எழுதினால், அதற்குப் பிறகு லென்(தரிப்புகள்) வேலை செய்யாது, எண்ணை அழைக்க முடியாது என்ற பொருளில் டைப் எரர் வரும். சம், லிஸ்ட், மேக்ஸ் ஆகிய பெயர்களுக்கும் இதுவே பொருந்தும்.

நீளம் எட்டு, கடைசிச் சுட்டெண் ஏழு

பட்டியலின் உறுப்புகளுக்குப் பைதன் 0 இலிருந்து சுட்டெண் இடுகிறது. வவுனியா 0, ஓமந்தை 1, மாங்குளம் 4, பரந்தன் 7. ஆகவே நீளம் 8 ஆக உள்ள பட்டியலில் 8 என்ற சுட்டெண்ணே கிடையாது. கடைசி ஊரை எடுப்பதற்குத் தரிப்புகள்[லென்(தரிப்புகள்)] என்று எழுதினால், "லிஸ்ட் இண்டெக்ஸ் அவுட் ஒஃப் ரேஞ்ச்" என்ற செய்தியோடு செய்நிரல் நின்றுவிடும். தரிப்புகள்[லென்(தரிப்புகள்) - 1] என்பதே சரியானது. தரிப்புகள்[-1] என்று எழுதுவது அதைவிடச் சிறந்தது.

பட்டியலின் ஒரு பகுதியை வெட்டியெடுக்கும்போது நிலைமை மாறுகிறது. தரிப்புகள்[5:20] என்று கேட்டால், இருபதாவது இடம் இல்லையே என்று பைதன் முறையிடுவதில்லை. இருக்கிற மூன்று ஊர்களையும் தந்துவிட்டு அமைதியாக இருக்கும். வெட்டியெடுத்த பகுதியில் நீங்கள் எதிர்பார்த்தத்தனை உறுப்புகள் உள்ளனவா என்பதை லென் கொண்டு நீங்களேதான் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கதியாலா, இடைவெளியா?

இருபது அடி நீளமான வேலிக்கு இரண்டு அடிக்கு ஒரு கதியால் என்று நடுவதானால், பத்துக் கதியால் போதாது, பதினொன்று வேண்டும். இடைவெளிகள்தாம் பத்து. வேலி அடைத்துப் பழகியவர்கள் கதியால் வெட்டப் போகும்போதே இந்த ஒன்றைச் சேர்த்துக்கொள்வார்கள். செய்நிரலில் ஒன்றால் தவறும் கணக்குகளில் பெரும்பாலானவை, கதியாலை எண்ண வேண்டிய இடத்தில் இடைவெளியையும், இடைவெளியை எண்ண வேண்டிய இடத்தில் கதியாலையும் எண்ணுவதால் வருபவை.

நமது பட்டியலுக்கே வருவோம். புளியங்குளத்தின் சுட்டெண் 2, கிளிநொச்சியின் சுட்டெண் 6. இரண்டையும் கழித்தால் 4 வரும். புளியங்குளத்தில் ஏறி கிளிநொச்சியில் இறங்குபவர் கடக்கும் பகுதிகள் எத்தனை என்பதே கேள்வியானால், 4 சரியான விடை. இரு முனைகளையும் சேர்த்து எத்தனை ஊர்கள் என்று கேட்டால் விடை 5. கழித்து வந்த எண்ணோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். கேள்வியை வாக்கியமாக எழுதச் சொன்னதன் காரணம் இந்த இடத்தில் தெளிவாகும்: "எத்தனை தூரம்" என்று மொட்டையாக எழுதினால் இரண்டில் எது வேண்டும் என்பது எழுதியவருக்கே தெரியாது.

அந்த ஐந்து ஊர்களையும் வெட்டியெடுக்கத் தரிப்புகள்[2:6] என்று எழுதினால் நான்குதான் கிடைக்கும்; கிளிநொச்சி விடுபட்டுவிடும். தொடக்க எண் சேரும், முடிவு எண் சேராது என்பது பைதனின் விதி. ஆகவே தரிப்புகள்[2:7] என்றே எழுத வேண்டும். ரேஞ்சும் இதே விதியைத்தான் பின்பற்றுகிறது: ரேஞ்ச்(1, 10) என்பது 1 முதல் 9 வரையான ஒன்பது எண்களைத் தரும், 10 வேண்டுமானால் ரேஞ்ச்(1, 11) என்று எழுத வேண்டும்.

முதலில் பார்ப்பவருக்கு இது தேவையற்ற சிரமமாகத் தெரியலாம். ஆனால் முடிவு எண்ணிலிருந்து தொடக்க எண்ணைக் கழித்தால் உறுப்புகளின் எண்ணிக்கை நேரடியாக வருவது இந்த விதியினால்தான்: 7 - 2 = 5. ஒரு பட்டியலை [0:4] என்றும் [4:8] என்றும் இரண்டாகப் பிரித்தால், எந்த உறுப்பும் இரண்டு பக்கத்திலும் வராது, எதுவும் விடுபடவும் மாட்டாது. நெதர்லாந்தைச் சேர்ந்த கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982 ஆம் ஆண்டில் எழுதிய சிறு குறிப்பொன்றில், எண்ணுதல் ஏன் சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும், முடிவெண் ஏன் வெளியே நிற்க வேண்டும் என்பதை இந்த அடிப்படையில்தான் நிறுவினார். காரணத்தை விளங்கிக்கொண்டவர்களுக்கு விதியை மனப்பாடம் செய்யும் தேவை குறைந்துவிடும் என்பது என் எண்ணம்.

வளையத்துக்குள் எண்ணுதல்

பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுப்பதற்குப் புதியவர்கள் ஃபோர் இ இன் ரேஞ்ச்(1, லென்(தரிப்புகள்)) என்று எழுதுவதைக் காணலாம். இதில் வவுனியா விடுபடுகிறது. அதைக் கண்டு, முடிவில் ஒன்றைக் கூட்டினால் சரியாகும் என்று எண்ணி ரேஞ்ச்(லென்(தரிப்புகள்) + 1) என்று மாற்றினால், கடைசிச் சுற்றில் இல்லாத எட்டாம் சுட்டெண்ணைத் தேடி வளையம் முறிகிறது. இரண்டுக்கும் தேவையே இல்லை. ஃபோர் ஊர் இன் தரிப்புகள்: என்று எழுதுங்கள், சுட்டெண்ணே இல்லாத இடத்தில் சுட்டெண் தவறுவதற்கு வழியில்லை. ஊரோடு அதன் வரிசை எண்ணும் வேண்டுமானால், ஃபோர் எண், ஊர் இன் எனுமரேட்(தரிப்புகள், 1): என்று எழுதினால் வவுனியா 1 என்றும் பரந்தன் 8 என்றும் வரும். அந்த இறுதி 1 ஐ விட்டுவிட்டால் எண் 0 இலிருந்து தொடங்கும்.

இனி, நிபந்தனையோடு எண்ணுதல். காலபோக அறுவடைக்குப் பிறகு நெல் நிறுக்கும் இடத்தில் ஒருவர் தராசைப் பார்த்து எடையைச் சத்தமாகச் சொல்ல, மற்றவர் கொப்பியில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுகிறார் என்று கொள்வோம். அந்த எண்களைப் பட்டியலாக்கி, 60 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைகள் எத்தனை என்று கேட்கிறோம்.

எடைகள் = [62, 58, 65, 60, 71]
ஃபோர் எடை இன் எடைகள்:
    கூடியவை = 0
    இஃப் எடை > 60:
        கூடியவை = கூடியவை + 1
பிரிண்ட்(கூடியவை)

கையால் எண்ணினால் 62, 65, 71 என மூன்று. செய்நிரல் 1 என்று காட்டும். கூடியவை = 0 என்ற வரி வளையத்துக்குள் இருப்பதால், புதிய மூட்டை ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை அழிக்கப்பட்டு மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்குகிறது; இறுதி மூட்டையின் கணக்கு மட்டுமே எஞ்சுகிறது. அந்த வரியை ஃபோருக்கு மேலே, இடது ஓரத்தில் வைத்தால் 3 வரும். கடைசி மூட்டை 71 ஆக இல்லாமல் 55 ஆக இருந்திருந்தால் விடை 0 ஆகியிருக்கும். சோதனைக்கு எடுக்கும் பட்டியலில் நிபந்தனைக்கு உட்படுவனவும் உட்படாதனவும் கலந்திருக்க வேண்டும் என்பதை இதிலிருந்து அறியலாம்.

அதே எடுத்துக்காட்டில் 60 கிலோ மூட்டை ஒன்று வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கிறது. "60க்கு மேல்" என்றால் விடை 3; "60 அல்லது அதற்கு மேல்" என்றால் > என்பதற்குப் பதிலாக >= இட வேண்டும், விடை 4 ஆகும். எல்லையில் நிற்கும் எண்ணைச் சேர்ப்பதா விடுவதா என்பதைச் செய்நிரல் எழுதுபவர் தாமாக முடிவு செய்யக் கூடாது. கணக்கு யாருக்காகச் செய்யப்படுகிறதோ அவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

சார்பு ஒன்றுக்குள் இவ்வாறு எண்ணும்போது ரிடர்ன் என்ற வரி வளையத்துக்குள் தள்ளி எழுதப்பட்டுவிட்டால், முதல் மூட்டையோடு வேலை முடிந்துவிடும். வரி எவ்வளவு உள்தள்ளி நிற்கிறது என்பதில்தான் பொருள் இருக்கிறது என்பதால், எண்ணிக்கை 0 அல்லது 1 என்று மட்டும் வரும்போது முதலில் உள்தள்ளலைப் பாருங்கள்.

சேர்க்கும்போதும் நீக்கும்போதும்

பரந்தனுக்கு அப்பால் ஆனையிறவையும் பளையையும் சேர்க்க விரும்புகிறோம். எட்டோடு இரண்டு, பத்து ஆக வேண்டும். தரிப்புகள்.அப்பெண்ட்(["ஆனையிறவு", "பளை"]) என்று எழுதினால் நீளம் 9 ஆகும். இரண்டு ஊர்களைக் கொண்ட ஒரு சிறு பட்டியல், ஒரே உறுப்பாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். எக்ஸ்டெண்ட் என்று எழுதினால்தான் 10 ஆகும். எக்ஸ்டெண்டிலும் ஒரு பொறி இருக்கிறது. பளையை மட்டும் சேர்ப்பதற்குச் சதுர அடைப்பின்றித் தரிப்புகள்.எக்ஸ்டெண்ட்("பளை") என்று எழுதினால், ஊர்ப்பெயர் உடைந்து மூன்று துண்டுகளாகச் சேரும். இரண்டெழுத்துச் சொல் ஏன் மூன்றாக உடைகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

தரிப்புகள் = தரிப்புகள்.அப்பெண்ட்("பளை") என்று எழுதுவது இன்னொரு பரவலான தவறு. அப்பெண்ட் இருக்கிற பட்டியலையே மாற்றுகிறது. திருப்பித் தருவதற்கு அதனிடம் ஒன்றுமில்லை. ஆகவே பட்டியல் இருந்த பெயரில் நன் என்ற வெறுமை வந்து அமர்கிறது. அடுத்த வரியில் நீளம் கேட்டால் டைப் எரர் வருகிறது.

நீக்குவது இன்னும் நுட்பமானது. எடை வாசிக்க முடியாமற்போன மூட்டைகளுக்குக் கொப்பியில் 0 என்று எழுதப்பட்டிருக்கிறது. அவற்றை நீக்கிவிட்டு எண்ண வேண்டும்.

எடைகள் = [52, 0, 0, 61, 0]
ஃபோர் எடை இன் எடைகள்:
    இஃப் எடை == 0:
        எடைகள்.ரிமூவ்(0)
பிரிண்ட்(லென்(எடைகள்))

எஞ்ச வேண்டியவை 52, 61 ஆகிய இரண்டு. செய்நிரலோ 3 என்று காட்டும். பட்டியலை அச்சிட்டால் [52, 61, 0] என்று இருக்கும். வளையம் எத்தனையாவது இடத்தில் நிற்கிறோம் என்பதை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது. இரண்டாவது இடத்தில் இருந்த 0 நீக்கப்பட்டதும், அதற்கு அடுத்த 0 அந்த இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது; வளையமோ மூன்றாவது இடத்துக்குப் போய் 61 ஐ எடுக்கிறது. நகர்ந்து வந்த 0 பார்க்கப்படாமலே தப்பிவிடுகிறது. பட்டியலில் 0 எதுவும் அடுத்தடுத்து வராதபோது இந்தச் செய்நிரல் சரியான விடையையே தரும் என்பதுதான் இதன் ஆபத்து. ஓடிக்கொண்டிருக்கும் வளையத்தின் பட்டியலில் கைவைக்காமல், வேண்டியவற்றைக் கொண்டு புதிய பட்டியல் ஒன்றைச் செய்துகொள்ளுங்கள்:

நல்லவை = [எடை ஃபோர் எடை இன் எடைகள் இஃப் எடை != 0]

எத்தனை வகை, வகைக்கு எத்தனை

கொப்பியில் நெல் வகைகளும் எழுதப்பட்டிருக்கின்றன.

வகைகள் = ["நாடு", "சம்பா", "நாடு ", "கீரிச்சம்பா", "நாடு"]

வகைகள்.கவுண்ட்("நாடு") என்று கேட்டால் 3 வர வேண்டும். 2 தான் வரும். மூன்றாவது உறுப்பை உற்றுப் பாருங்கள்: நாடு என்பதற்குப் பின்னால் ஓர் இடைவெளி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியும் பைதனுக்கு ஓர் எழுத்தே. தொலைபேசியில் தட்டும்போது, பரிந்துரைக்கப்படும் சொல்லைத் தொட்டால் பின்னால் இடைவெளி தானாகச் சேர்வதுண்டு என்பதால், பலர் தட்டிய தரவுகளில் இது மிகுதியாக இருக்கும். எண்ணுவதற்கு முன் ஒவ்வொரு சொல்லையும் ஸ்ட்ரிப்() கொண்டு துப்புரவாக்குங்கள். இன்புட் மூலம் வாங்கப்படும் எண்களும் சொற்களாகவே வருகின்றன. "60" என்ற சொல்லும் 60 என்ற எண்ணும் பைதனுக்கு வேறு வேறு என்பதால், இன்ட் கொண்டு மாற்றாமல் கவுண்ட்(60) என்று கேட்டால் 0 வரும்.

பட்டியலின் கவுண்ட் முழு உறுப்பையும் ஒப்பிடும். சரத்தின், அதாவது மேற்கோள் குறிக்குள் உள்ள எழுத்துத் தொடரின், கவுண்ட் உள்ளே எங்கு வந்தாலும் எண்ணும். வகைகள்.கவுண்ட்("சம்பா") சரியாக 1 தரும். ஆனால் "நாடு,சம்பா,கீரிச்சம்பா" என்ற ஒரே சரத்தில் கவுண்ட்("சம்பா") கேட்டால் 2 வரும், கீரிச்சம்பாவுக்குள்ளும் சம்பா இருப்பதால். விலை வேறான இரண்டு நெல் வகைகள் இப்படி ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது.

எல்லா வகைகளையும் ஒருசேர எண்ணுவதற்கு, கலெக்ஷன்ஸ் என்ற தொகுப்பிலிருந்து கவுண்டர் என்பதை வரவழைத்து, கவுண்டர்(வகைகள்) என்று எழுதினால் போதும். அதன் முதல் எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்து. லென்(கவுண்டர்(வகைகள்)) என்பது மூட்டைகளின் எண்ணிக்கை அன்று, வெவ்வேறு வகைகளின் எண்ணிக்கை. மேலுள்ள பட்டியலைத் துப்புரவாக்காமல் கேட்டால் அது 4 என்று சொல்லும், துப்புரவாக்கினால் 3. வகைகளின் எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வந்தால், எங்கோ ஓர் இடைவெளியோ எழுத்துப் பிழையோ இருக்கிறது என்று கொள்ளலாம். தரவைச் சரிபார்க்க இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது.

பட்டியலுக்குள் பட்டியல், வெறும் பட்டியல்

வன்னியின் குளங்கள் சிலவற்றை மாவட்ட வாரியாக எழுதினால் இவ்வாறு வரும்:

குளங்கள் = [["இரணைமடு", "அக்கராயன்குளம்"], ["முத்தையன்கட்டு", "வவுனிக்குளம்", "தண்ணிமுறிப்பு"], ["கட்டுக்கரைக்குளம்"], ["பாவற்குளம்"]]

லென்(குளங்கள்) 4 என்று சொல்லும். அது கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா என்னும் மாவட்டங்களின் எண்ணிக்கை. லென் வெளிப்புற அடைப்பை மட்டுமே பார்க்கிறது, உள்ளே இறங்குவதில்லை. குளங்கள் ஏழும் வேண்டுமானால் சம்(லென்(ம) ஃபோர் ம இன் குளங்கள்) என்று கேட்க வேண்டும்.

இரண்டு பட்டியல்களை ஸிப் கொண்டு இணைக்கும்போது, ஒன்று குறுகியதாக இருந்தால் நீண்டதன் மிச்சம் சத்தமின்றி விடப்படும். ஐந்து குளங்களுக்கு நான்கு நீர்மட்ட அளவுகள் மட்டும் தரப்பட்டிருந்தால் ஐந்தாவது குளமே காணாமற்போகும். பைதன் 3.10 முதல் ஸ்ட்ரிக்ட்=ட்ரூ என்று (ட்ரூவின் முதல் எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்து) சேர்த்து எழுதினால், நீளங்கள் ஒவ்வாதபோது பிழைச் செய்தி வரும்; அதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

சராசரி காணும்போது பட்டியல் வெறுமையாக இருந்தால் லென் 0 ஆகி, சுழியத்தால் வகுக்கும் பிழை வரும்; வகுப்பதற்கு முன் இஃப் எடைகள்: என்று ஒரு வரி வைத்தால் போதும். காற்புள்ளியால் பிரிக்கும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்: வெறும் சரத்தை ஸ்பிளிட்(",") கொண்டு பிரித்தால் நீளம் 0 அன்று, 1, உள்ளே ஒரு வெறும் சரம் இருக்கும். "62,58,65," என்று இறுதியில் காற்புள்ளியோடு வந்த வரி நான்காகப் பிரியும். பைதன் பட்டியலின் இறுதிக் காற்புள்ளி எண்ணிக்கையைக் கூட்டாது என்று முன்னர் சொன்னேன். சரத்துக்குள் இருக்கும் காற்புள்ளிக்கு அது பொருந்தாது.

தமிழ்ச் சொல்லின் நீளம்

தமிழில் தரவு வைத்திருக்கும் நமக்கே உரிய சிக்கல் இது. லென்("கிளிநொச்சி") எவ்வளவு? கி, ளி, நொ, ச், சி என்று எண்ணினால் ஐந்து எழுத்து. பைதன் 10 என்று சொல்லும். பைதன் எண்ணுவது தமிழ் எழுத்துகளை அல்ல, கணினியில் எழுத்துகளைக் குறிக்கப் பயன்படும் யூனிகோட் என்னும் முறையின் குறியீடுகளை. யூனிகோட்டில் கி என்பது ககரமும் இகரக் குறியுமாக இரண்டு. ச் என்பது சகரமும் புள்ளியுமாக இரண்டு. பளை என்னும் இரண்டெழுத்துச் சொல் மூன்றாக உடைந்ததும் இதனால்தான்: ப, ள, ஐகாரக் குறி. அதே கிளிநொச்சியைக் கோப்பில் யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட் வீதம் 30 பைட் பிடிக்கும். ஆக ஒரே சொல்லுக்கு 5, 10, 30 என்று மூன்று நீளங்கள் உண்டு. மூன்றும் சரி, வெவ்வேறு கேள்விகளுக்கு. பெயருக்குப் "பதினைந்து எழுத்துக்கு மேற்படக் கூடாது" என்று படிவத்தில் கட்டுப்பாடு வைப்பவர்கள், எந்த நீளத்தைக் கொண்டு தடுக்கிறோம் என்பதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். இல்லையெனில் எட்டெழுத்துப் பெயர் கொண்டவர்களையும் அது திருப்பி அனுப்பிவிடும்.

இதே காரணத்தால் "கிளிநொச்சி"[0] என்பது கி அன்று, க. "மாங்குளம்" என்ற சொல்லில் கவுண்ட்("ம") கேட்டால் 2 வரும், மா, ம் இரண்டிலும் மகரக் குறியீடு இருப்பதால்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நொ என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோட்டில் இரண்டு வகையாக எழுதலாம்: ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஒன்றின் நீளம் 10, மற்றதன் நீளம் 11; இரண்டையும் == கொண்டு ஒப்பிட்டால் சமமல்ல என்றே வரும்; கவுண்டரில் கிளிநொச்சி இரண்டு தனித்தனி வரிகளாக நிற்கும். பல இடங்களில் பல செயலிகளில் தட்டப்பட்ட ஊர்ப்பெயர்களை ஒன்றுசேர்க்கும்போது, யூனிகோட்டேட்டா என்ற தொகுப்பை வரவழைத்து, அதிலுள்ள நார்மலைஸ் சார்பை என்எஃப்சி என்னும் வடிவத்தோடு எல்லாப் பெயர்களிலும் செலுத்திவிட்டு, அதன் பிறகே எண்ணத் தொடங்குங்கள்.

தமிழ் எழுத்துகளையே எண்ண வேண்டுமானால் அதே தொகுப்பின் கேட்டகரி சார்பு உதவும். அது ஒவ்வொரு குறியீட்டுக்கும் இரண்டு எழுத்தாலான வகைப் பெயரைத் தரும். புள்ளி, கால், கொம்பு முதலான சார்ந்து வரும் குறிகளுக்கு அந்த வகைப் பெயர் எம் என்னும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கும். அவ்வாறு தொடங்காதவற்றை மட்டும் எண்ணினால் கிளிநொச்சிக்கு 5 என்றும், முல்லைத்தீவுக்கு 6 என்றும், வவுனியாவுக்கும் மன்னாருக்கும் 4 என்றும் சரியாக வரும். சொல்லுக்குள் இடைவெளியோ முற்றுப்புள்ளியோ முதலெழுத்துகளோ இருந்தால் அவையும் எண்ணப்படும் என்பதால், எழுத்தல்லாதவற்றை முன்கூட்டியே விலக்கிக்கொள்ளுங்கள். ஸ்ரீ, க்ஷ ஆகியவற்றை இந்த முறை இரண்டிரண்டாகவே எண்ணும். பெயர்ப் பட்டியலில் அவை வருமானால், அவற்றை ஒன்றாகக் கொள்வதா இரண்டாகக் கொள்வதா என்று தீர்மானித்து, ஒன்றாகக் கொள்வதானால் அவை வரும் தடவைகளைக் கவுண்ட் கொண்டு எண்ணி, மொத்தத்திலிருந்து கழித்துவிட வேண்டும்.